வட்டம் போட்ட அன்னம்

அக்கா, தூங்கிட்டியா? லைட்டைப் போடாதே, அம்மா எந்திரிச்சுடுவாங்க. அப்படியே படுத்துக்கிட்டு கேளு. திட்டணும்னா கடைசியில திட்டு.

மாஹிரோ வீட்டுக் கோழி அத்தனையும் செத்துச்சுல்ல. அது என்னாலதான்னு நினைக்கிறேன்.

விளையாடல. என் கையைத் தொட்டுப் பாரு. ஒரு வாரமா இப்படித்தான் சில்லுன்னு கெடக்கு.

நீ செண்டாய் நகரத்துல இருந்துட்டு இன்னிக்குத்தான் வந்திருக்கே, உனக்கு அம்மா போன்ல சொன்னது மட்டும்தான் தெரியும். சசமோரி மாமா பண்ணையில பறவைக் காய்ச்சல், முப்பத்தெட்டாயிரம் கோழியையும் கொன்னுட்டாங்க, அவ்வளவுதானே? நான் ஒரு வருஷமா சனிக்கிழமை காலையில அங்க முட்டை எடுக்கப் போயிட்டிருந்தேன். கூடப் படிக்கறவளாச்சேன்னு மாஹிரோதான் அவங்க அப்பா சசமோரி மாமாகிட்ட சொல்லிச் சேத்துவிட்டா. சேரும்போதே மாமா ஒரு பேப்பரை நீட்டி, கையெழுத்துக்குப் பதிலா என் பேர் முத்திரையை வைக்கச் சொன்னாரு. அதுல ஒரு வரி மட்டும் தடிச்ச எழுத்து. அக்டோபர்லருந்து ஏப்ரல் வரைக்கும், அன்னம் ஏரியில இருக்கற வரைக்கும், பண்ணையில வேலை பாக்கறவங்க யாரும் ஏரிக்கரைக்குப் போகக் கூடாது.

"எங்க வீட்டு ஜன்னல்லருந்தே ஏரி தெரியுமே மாமா, பாத்தாலும் தப்பா?"ன்னு கேட்டேன்.

"நல்லாப் பாத்துக்கோ. காய்ச்சல் கண்ணுல ஒட்டாது, கால்லதான் ஒட்டும்"னு சொல்லிச் சிரிச்சாரு.

ஸ்கூல் போட்டோ கிளப்ல பெரிய லென்ஸ் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ஆளுக்கு ஒரு வாரம்னு வீட்டுக்குக் குடுப்பாங்க. என் முறை சரியா அன்னம் வந்து இறங்கற வாரத்துல வந்துச்சு. போட்டிக்குப் படம் அனுப்பறதுக்கும் அதுக்கடுத்த திங்கக்கிழமைதான் கடைசி நாள். ராத்திரி பூரா கேக்குது அக்கா, கூட்டம் கூட்டமா வந்து தண்ணியில விழற சத்தம். லென்ஸ் என் தலைமாட்டுல பையில கெடக்கு. மூணு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையில குமகாய் மாமாவைப் பாத்தேன். போஸ்ட் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. ஏரிக்கரையில கேமரா வரிசையில எப்பவும் முதல் ஆளா நிப்பாரே, அவரேதான்.

"என்னடி யுசு, அவ்வளவு பெரிய லென்ஸை முதுகுல கட்டிக்கிட்டு கடையில பொரிச்ச மீனைப் படம் எடுக்கறியா?"

"நான் பண்ணையில வேலை பாக்கறேன் மாமா. ஏரிக்கு வரக் கூடாது."

"அப்ப மீனையே எடு. நான் கூட நாப்பது வருஷமா அன்னத்தை எடுத்தேன், பொண்டாட்டியை ஒரு படம் எடுக்கல. கேட்டா, நீ எங்கயும் பறந்து போகமாட்டியேன்னு சொல்லுவேன்." அப்புறம் கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தினாரு. "கிழக்குப் பக்கம் நாணல்ல ஒண்ணு தனியா இருக்கு. நேத்துலருந்து ஆடுது."

"ஆடுதா?"

"வட்டம் போட்டுக்கிட்டே இருக்கு. கழுத்தை முதுகு மேல பின்னாடி மடிச்சுக்கிட்டு ஒரே சுத்து. நான் பாத்ததே இல்ல. நின்னுக்கிட்டு எடுத்தா நல்லா வரல, படுத்து எடுக்கணும். எனக்கு முட்டி விடாது. நீ சின்னப் பொண்ணு. யாரும் அந்தப் பக்கம் வரமாட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னாரு. அவர் மேல பழியைப் போடல அக்கா. போனது நான்.

சனிக்கிழமை நாலே முக்காலுக்குக் கிளம்பினேன். ஏழு மணிக்குப் பண்ணை வேலை, நடுவுல வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் மாத்திக்கலாம்னு கணக்கு. நாணலுக்குள்ள தவழ்ந்து தவழ்ந்து போனேன். மூடுபனி. முதல்ல தண்ணி கலையற சத்தம்தான் கேட்டுச்சு, அப்புறம் தெரிஞ்சுச்சு. கழுத்து ஒரு வளையம் மாதிரி பின்னாடி போயி, தலை முதுகுல படுத்திருக்கு, அலகு வானத்தைப் பாத்திருக்கு. அப்படியே இடது பக்கமாச் சுத்துது. மெதுவா. நிக்கவே இல்ல. வெயில் வந்தப்ப அது சுத்தின இடத்துல தண்ணி மட்டும் பளபளன்னு ஒரு தட்டு மாதிரி ஆயிடுச்சு.

ரொம்ப அழகா இருந்துச்சு. அதை நான் பொய் சொல்லமாட்டேன். எனக்கு அழுகையே வந்துச்சு.

சேத்துல ரெண்டு முழங்கையையும் ஊனிக்கிட்டு எடுத்தேன். கரை பூரா அன்னத்தோட எச்சம், பச்சைப் பச்சையா. அது மேலதான் கையை வெச்சிருக்கேன். கேமராவுக்குன்னு போடற கம்பளி கிளவுஸ் இருக்குல்ல, விரல் நுனி மட்டும் திறந்து மூடறது, அது சொட்டச் சொட்ட நனைஞ்சுடுச்சு. முந்நூத்துப் பன்னெண்டு படம். மணியைப் பாத்தா ஆறு அம்பது.

வீட்டுக்கு வந்து மாத்தியிருக்கணும். லேட்டா போனா மாமா ஏன்னு கேப்பாரே, என்ன பொய் சொல்றதுன்னு பயம். நேரா சைக்கிளை மிதிச்சேன். மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன், அங்கதான் எல்லாம் மாத்துவோமேன்னு. கேட்ல ஒரு பூட்ஸ், ஷெட் வாசல்ல ஒரு பூட்ஸ், உள்ள ஒரு பூட்ஸ், மேல ஓவரால், தலைக்குத் தொப்பி, கைக்கு ரப்பர் கிளவுஸ். மூணு இடத்துல மருந்துத் தண்ணி. என்ன வந்துடும்?

மாஹிரோ கேட்ல மருந்து அடிக்கற குழாயோட நின்னுட்டிருந்தா. "மகாராணி வர நேரமா இது?"

"சைக்கிள் செயின் கழண்டுடுச்சு."

நான் ஓவரால் மாட்டும்போது என் முழங்காலைப் பாத்தா. "விழுந்தியா?"

"ஆமா, திருப்பத்துல."

"உன் சைக்கிளுக்கு உன்னைக் கண்டாலே ஆகாதுடி"ன்னு சிரிச்சுட்டு, குழாயை என் பக்கம் திருப்பிக் கால்ல மருந்தை அடிச்சா. நானும் சிரிச்சேன்.

கிளவுஸைக் கழட்டல அக்கா. விரல் மரத்துப் போயிருந்துச்சு. ஈரமா இருந்தாலும் கம்பளி கொஞ்சம் சூடு. அது மேலயே ரப்பர் கிளவுஸை மாட்டிக்கிட்டேன். மூணாம் நம்பர் ஷெட், ரெண்டாவது வரிசை, வடக்குக் கதவுலருந்து ஏழாவது கூண்டு. ஒரு கோழி காலைக் கம்பியில மாட்டிக்கிட்டுத் தொங்குது. ரப்பர் கிளவுஸோட கம்பியைப் பிடிக்க வரல, வழுக்குது. அதனால வலது கையில இருந்த ரப்பரை மட்டும் உருவிப் போட்டுட்டு விடுவிச்சேன். காலு வெளிய வந்ததும் அது என் கட்டைவிரல்ல ஒட்டியிருந்த சேத்தை ரெண்டு கொத்து கொத்துச்சு. ஏதோ சாப்பிடற பொருள்னு நினைச்சுது போல. நான் அதைத் தடவிக் குடுத்தேன்.

வியாழக்கிழமை மூணாம் ஷெட்ல பதினொரு கோழி செத்துக் கெடந்துச்சுன்னு மாஹிரோ சொன்னா. சாயங்காலம் நாப்பது. எந்த வரிசைடின்னு கேட்டேன். ரெண்டாவதுன்னா. ஏன் கேக்கறேன்னு அவ கேக்கவே இல்ல.

வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்துச்சு. அன்னிக்கு ராத்திரியே பஸ் பஸ்ஸா ஆளுங்க இறங்கினாங்க, தலையிலருந்து கால் வரைக்கும் வெள்ளை டிரெஸ். இந்த ஜன்னல்லருந்தே தெரிஞ்சுச்சு. ஏரிக்கு அந்தப் பக்கம் பகல் மாதிரி லைட்டு, மூணு ராத்திரி. பெரிய குப்பைத் தொட்டியில பத்துப் பத்துக் கோழியாப் போட்டு, மூடி, கேஸ் விடுவாங்களாம். உள்ள ஒரு நிமிஷம் தடதடன்னு சத்தம் வருமாம், அப்புறம் வராதாம். மாஹிரோ அதை எனக்கு போன்ல சொன்னா. எப்படின்னா, கிளாஸ்ல என்ன ஹோம்வொர்க்னு சொல்ற மாதிரி. காய்ச்சல் வராத ஷெட்டுக் கோழியும் சேத்துத்தான். சத்தத்தைக் கேக்காம இருக்க மாமா டிராக்டரை ஸ்டார்ட் பண்ணி சும்மா ஓடவிட்டாராம், வீட்டு வாசல்ல.

கால்நடை ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா இங்கயும் வந்தாங்க, பண்ணைக்குள்ள போன எல்லாரையும் விசாரிக்க. நம்ம ஹால்ல உக்காந்து டீ கூடக் குடிக்கல. "கடந்த மூணு வாரத்துல ஏரிக்கரைக்கோ, காட்டுப் பறவை இருக்கற இடத்துக்கோ போனீங்களா?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நம்ம அம்மா சிரிச்சுட்டாங்க. "இவளா? எட்டு மணிக்கு முன்னாடி எழுப்பினா கடிக்க வருவா. பண்ணை வேலைன்னாதான் சீக்கிரம் எந்திரிப்பா. அந்த வீட்டு மேல அவ்வளவு பாசம்."

"இல்ல"ன்னு சொன்னேன். அந்த ஆபீஸ் அம்மா பேப்பர்ல ஒரு கட்டத்துக்குள்ள கோடு போட்டாங்க. அவ்வளவுதான். மூணு எழுத்து, முடிஞ்சுடுச்சு.

குமகாய் மாமாகிட்ட போனேன். அந்த அன்னம் செவ்வாய்க்கிழமையே செத்துக் கரை ஒதுங்கிடுச்சாம், டவுன் ஆபீஸ்ல இருந்து எடுத்துட்டுப் போய் டெஸ்ட் பண்ணினா அதுக்கும் அதே காய்ச்சல். ஆடலக்கா அது. காய்ச்சல் மூளைக்கு ஏறினா கழுத்து அப்படித் திருகிக்குமாம், நேராப் போக முடியாம சுத்துமாம். செத்துக்கிட்டிருந்ததை நான் முந்நூத்துப் பன்னெண்டு தடவை எடுத்திருக்கேன்.

"உங்களுக்குத் தெரியுமா மாமா? முதல்லயே தெரியுமா?"

அவர் வாசல்ல நின்னுக்கிட்டே பேசினாரு, உள்ள கூப்பிடல. "சந்தேகமாத்தான் இருந்துச்சு. டவுன் ஆபீஸுக்கு போன் பண்ணியிருந்தா அன்னிக்கே ஏரியைச் சுத்தி கயிறு கட்டியிருப்பாங்க. இந்த வருஷம் ஒரு படம் கூட எடுத்திருக்க முடியாது." அப்புறம் என் மூஞ்சியைப் பாக்காம, "நீயும் நானும் அந்தப் பக்கம் போகவே இல்ல. சரியா? உனக்காகச் சொல்றேன்"னு கதவைச் சாத்திட்டாரு.

என் படம் போட்டிக்கு செலக்ட் ஆயிடுச்சு. சார் கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் கைதட்டச் சொன்னாரு. இன்னும் எடுத்துப் பழகுன்னு லென்ஸை இன்னொரு மாசம் என்கிட்டயே குடுத்துட்டாரு. அதோ, அந்தப் பையில.

இதோட நின்னிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ. கேவலம்தான், தெரியுது. ஆனா விசாரிக்க வந்தவங்க மூணாம் ஷெட்ல, வடக்குப் பக்க வலையில ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சாங்க. ரெண்டு விரல் நுழையற அளவு. எலியோ குருவியோ வெளியிலருந்து கொண்டுவந்திருக்கலாம்னாங்க. வலையை வாரா வாரம் பாக்கறது யார் வேலை? மாஹிரோ வேலை. செக் ஷீட்டுல ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவ முத்திரை இருக்கு. மாமா அதை அவங்ககிட்ட நீட்டினாராம், பாருங்க, என் பொண்ணு ஒரு வாரம் விடலன்னு. அப்பதான் இவ சொல்லியிருக்கா, அக்டோபர் மாசம் நாலு வாரத்துக்கும் முதல் தேதியே உக்காந்து மொத்தமா முத்திரை குத்திட்டேன்னு. பரீட்சை நேரம், வலையைப் போய்ப் பாக்கவே இல்லன்னு.

மாமா அடிக்கல, திட்டல. அன்னிலருந்து அவகிட்ட பேசறதில்ல. சாப்பாடு எடுத்து வைப்பாராம், அவ வந்து உக்காந்தா எந்திரிச்சுப் போயிடுவாராம்.

சுத்துவட்டாரத்துல பதினாலு பண்ணை, ஒருத்தரும் முட்டையை வெளிய அனுப்பக் கூடாதுன்னு தடை. புதன்கிழமை அவங்களுக்கெல்லாம் கூட்டம். உதவிக்கு அம்மாவும் போயிருந்தாங்க. மாமா எல்லார் முன்னாடியும் முட்டி போட்டு, நெத்தி தரையில படற வரைக்கும் குனிஞ்சாராம். யாரும் எந்திரிங்கன்னு சொல்லல. மாஹிரோ பக்கத்துல அதே மாதிரி குனிஞ்சு கெடந்தாளாம். பின்னாடியிருந்து ஒருத்தர், "முத்திரை குத்தத் தெரியுதுல்ல, கண்ணு தெரியாதா?"ன்னாராம். அம்மா இதைச் சொல்லிட்டு எனக்கு இன்னொரு கிண்ணம் மிசோ சூப் ஊத்தினாங்க. நான் குடிச்சேன் அக்கா. முழுசாக் குடிச்சேன்.

இப்ப இதைப் படி. பத்தரைக்கு அனுப்பியிருக்கா.

'நாளைக்குக் காலையில எட்டு மணிக்குக் கிளம்பறேன். பதினாலு வீட்டுக்கும் போய் மன்னிப்பு கேக்கணும். நானே போறேன்னு சொன்னேன். அப்பா எந்திரிச்சுப் போயிட்டாரு. உங்க அக்காகிட்ட கறுப்புக் காலுறை இருக்குமா? என்னோடது கிழிஞ்சிருக்கு. பதினாலாவது வீடு முடிஞ்சதும் என்ன பண்றதுன்னுதான் யோசிச்சிட்டிருக்கேன். ஒண்ணும் தோணல.'

கடைசி ரெண்டு வரியைப் பாத்தியா? 'ஒண்ணும் தோணல.' அதைப் படிச்சதுலருந்து, அவ ஏதாவது பண்ணிக்குவாளோன்னு போனைக் கீழ வைக்கவே இல்ல. நடுவுல சாதாரணமாக் காலுறை கேக்கறா, அதுதான் இன்னும் பயமா இருக்கு.

ஓட்டையாலயா என் கிளவுஸாலயான்னு யாராலயும் இனிமே சொல்ல முடியாது. எனக்கும் தெரியும். ஓட்டையாலதான்னு இருக்கட்டுமேன்னு பத்து நாளா மனசுக்குள்ள கும்பிட்டுட்டு இருக்கேன். ஆனா வடக்குலருந்து ஏழாவது கூண்டு, அந்தக் கோழி, அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்குத் தெரியாது. நாளைக்கு அவ பதினாலு வாசல்ல குனியறது பாதி எனக்காகவும்தான்.

கிளவுஸ் கட்டிலுக்கு அடியில இருக்கு. மூணு பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டியிருக்கேன். துவைக்கவும் பயம், தூக்கிப் போடவும் பயம்.

படத்தையெல்லாம் அழிச்சுட்டேன், இது ஒண்ணைத் தவிர. போட்டிக்கு அனுப்பினது இதையே வெட்டினது. இது வெட்டாதது. ஓரத்துல பாரு, மங்கலா, நாணலை விலக்கற என் இடது கை. பச்சையா ஒட்டியிருக்கறது தெரியுதா? கீழ தேதி, மணி எல்லாம் இருக்கு. பத்தொம்பது, ஆறு நாப்பத்தி நாலு.

அனுப்பப் போறேன். வேண்டாம்னு சொல்லாதே. கையைப் பிடிக்காதே, விடு. 'ஏழாவது கூண்டுக் கோழியை இந்தக் கிளவுஸோடதான் தொட்டேன். விசாரிக்க வந்த அம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன்.' போதும்ல? வேற என்ன எழுதறது? மன்னிச்சுடுன்னு எழுத வரல.

போயிடுச்சு.

படிச்சுட்டா. உடனே படிச்சுட்டா, அவளும் தூங்கல.

எழுதறா. நின்னுடுச்சு. மறுபடி எழுதறா.

'தெரியும்.'

தெரியுமாம் அக்கா.

'உன் முழங்கால்ல இருந்தது நாணல் சேறு. நான் ஏரிக்கரையில பொறந்தவடி. கேட்லயே தெரிஞ்சுச்சு. உன்னைத் திருப்பி அனுப்பியிருக்கணும். உன் மூஞ்சி அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு, மனசு வரல. நீ சொல்லுவேன்னு பாத்துட்டே இருந்தேன். நீ சொல்லாம நான் சொன்னா காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும்.'

இன்னொண்ணு வந்திருக்கு.

'அப்பாகிட்ட போனைக் காட்டிட்டேன். பத்து நாள் கழிச்சு என்கிட்ட பேசினாரு. அந்தப் பொண்ணு வீடு எதுன்னு கேட்டாரு.'

எதுன்னு கேட்டாராம். என்னை எத்தனை தடவை வண்டியில கொண்டுவந்து விட்டிருக்காரு.

அக்கா, அங்க பாரு, தண்ணிக்கு அந்தப் பக்கம். வீட்டு லைட்டு போட்டாச்சு. இப்ப வாசல் லைட்டு. வண்டி. வண்டியை எடுக்கறாரு. அந்தப் பையை எடு, லென்ஸை எடு, அதுல பாக்கலாம், சீக்கிரம்.

தெரியுது. பண்ணை கேட் கிட்ட வந்துட்டாரு. நிறுத்திட்டாரு. ஏன் நிறுத்தறாரு? இறங்கறாரு. மாஹிரோ முன் சீட்டுல உக்காந்திருக்கா, பள்ளிக்கூடக் கோட்டோட. மாமா எதையோ இழுக்கறாரு.

குழாய். மருந்துக் குழாய்.

டயரைக் கழுவறாரு அக்கா. ஷெட்ல ஒரு கோழி கூட இல்ல. யாரும் அங்க நின்னு பாக்கல. இந்த நேரத்துல, என்னைத் தேடி வரும்போது கூட கழுவிட்டுத்தான் ரோட்டுல ஏறுவாரு. குனிஞ்சு, உள் பக்கமும் அடிக்கறாரு. இப்ப பின் டயரு.

மூணு ஆச்சு. இன்னும் ஒண்ணுதான்.

அம்மாவை எழுப்பாதே. கட்டிலுக்கு அடியில இருக்கற கிளவுஸ் பையை மட்டும் எடுத்துக் குடு, கட்டை அவுக்காம. கதவை நான் திறக்கறேன்.